நன்றியுரையில் விடுபட்ட பெயர்

புதுச்சேரி மிஷன் வீதியிலிருந்து பிரியும் ஒரு சிறு தெருவில், மாடியில் இருக்கும் என் ஆலோசனை அறைக்கு வருகிறவர்களில் ஒரு பகுதியினர் திருச்சபைப் பணியில் இருப்பவர்கள். குருக்கள், அருட்சகோதரிகள், உபதேசியார்கள், பாடகர் குழு நடத்துகிறவர்கள், கூட்டங்களில் பிரசங்கம் செய்யும் பொதுநிலையினர், சில பாஸ்டர்கள் என்று பலரும் வருகிறார்கள். இந்தப் பதினேழு ஆண்டுகளில் அவர்களில் ஒருவர்கூட "எனக்குப் பெருமை வந்துவிட்டது, அதைச் சரிசெய்ய வேண்டும்" என்று சொல்லி என் எதிரில் உட்கார்ந்ததில்லை. தூக்கம் வரவில்லை என்பார்கள், வயிறு எரிகிறது என்பார்கள், வீட்டில் எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது என்பார்கள், செபம் வறண்டுபோய்விட்டது என்பார்கள். மூன்றாவது அல்லது நான்காவது சந்திப்பில்தான், பேச்சுவாக்கில், யாரோ ஒருவர் பாராட்டாமல் விட்ட கதை வெளியே வரும்.

அப்படி வந்த இருவரைப் பற்றி, அவர்களுடைய சம்மதத்தோடும் அடையாளங்களை மாற்றியும், இங்கே எழுதுகிறேன்.

முதலாமவர் கடலூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிரசங்கியார். ஐம்பதை நெருங்குகிற வயது, நல்ல குரல், உண்மையான பக்தி உள்ளவர் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. தூக்கமின்மைக்கு மருந்து கேட்டு ஒரு மருத்துவரிடம் போனவரை அவர் என்னிடம் அனுப்பியிருந்தார். இரவு பதினொரு மணிக்கு விளக்கை அணைத்த பிறகு, போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு, தன் பிரசங்கக் காணொளியின் கீழே வந்த பின்னூட்டங்களை ஒரு மணி, இரண்டு மணி வரை படித்துக்கொண்டிருந்தார். "ஆமென்", "மிகவும் ஆசீர்வாதமாக இருந்தது பிரதர்" என்று எழுபது எண்பது பேர் எழுதியிருந்த இடத்தில், யாரோ ஒருவர் "போன வாரம் மாதிரி இல்லை" என்று எழுதியிருந்தார். அந்த எண்பதில் ஒன்றைக்கூட அவரால் நினைவிலிருந்து சொல்ல முடியவில்லை. இந்த ஒன்றை மட்டும், எழுதியவரின் படத்தில் இருந்த ரோஜாப் பூ உட்பட, எனக்கு வர்ணித்தார்.

எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாத பரிசுதான் ஓர் உயிரைத் திரும்பத் திரும்ப ஒரே செயலைச் செய்யவைப்பதில் வலிமையானது என்று உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துக் காட்டினார். சூதாட்ட இயந்திரம் இயங்குவதும் அதே வழியில்தான், நம் கைப்பேசியில் வந்து விழும் கட்டைவிரல்களும் இதயங்களும் அப்படியே. ஆகவே அவருடைய தூக்கமின்மைக்கு விளக்கம் சொல்வது எனக்குக் கடினமாக இல்லை. என்னைக் கவலைப்படுத்தியது வேறு. ஆண்டுவாரியாக அவர் பேசிய தலைப்புகளை ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னேன். தொடக்கத்தில் கந்துவட்டியைப் பற்றியும் வரதட்சணையைப் பற்றியும் கடுமையாகப் பேசியிருந்தவர், கடைசி இரண்டு ஆண்டுகளில் அவற்றை ஒருமுறைகூடத் தொடவில்லை. குணமடைந்த சாட்சிகளும் ஆசீர்வாத வாக்குறுதிகளுமே மிஞ்சியிருந்தன. இதை அவர் உட்கார்ந்து திட்டமிடவில்லை. எந்தத் தலைப்புக்குக் கை தட்டினார்களோ அந்தப் பக்கம், மடையில் தண்ணீர் சாய்வதுபோல, அவருடைய ஊழியம் தானாகச் சாய்ந்திருந்தது. எல்லாரும் உங்களைப் புகழும்போது உங்களுக்குக் கேடு, போலி இறைவாக்கினரையும் அப்படித்தான் புகழ்ந்தார்கள் என்று லூக்கா 6-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்வதை அந்த நோட்டின் மேல்தான் அவர் வாசித்துக் காட்டினார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

புகழ்ச்சியின் ஆபத்து என்றால் தலைக்கனம் என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். என் அறையில் தலைக்கனத்தை நான் குறைவாகவும் இந்தச் சாய்வை மிக அதிகமாகவும் பார்த்திருக்கிறேன். புகழ்ச்சியை நம்பி மயங்குவதைவிட, அது இல்லாமல் வேலை செய்ய முடியாமல் போவது ஆழமான நோய். அது வருகிற நாளில் தெரியாது, வராத நாளில் தெரிந்துவிடும்.

பழைய ஞானோபதேசத்தில், அதாவது மறைக்கல்விப் பாடத்தில், தலையான பாவங்கள் ஏழையும் மனப்பாடம் செய்தவர்களுக்கு ஆங்காரம் முதலில் நிற்பது நினைவிருக்கும். அதற்கு முந்திய பட்டியல் ஒன்று உண்டு. எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்து 399-இல் இறந்த எவாகிரியுஸ் என்ற துறவி, துறவியைத் தாக்கும் எண்ணங்களை எட்டாகப் பிரித்தபோது, வீண்பெருமையையும் ஆங்காரத்தையும் தனித்தனியே வைத்தார். பிறர் கண்ணில் உயர விரும்புவது ஒன்று. கடவுளின் துணை வேண்டாம் என்கிற அளவுக்குத் தன்னை நம்புவது மற்றொன்று. ஆறாம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் அந்தப் பட்டியலைத் திருத்தியமைத்தார். பிற்காலத்து ஏழில் வீண்பெருமை ஆங்காரத்துக்குள் கரைந்துபோயிற்று. ஆலோசகராக எனக்கு எவாகிரியுஸின் பிரிவுதான் பயன்படுகிறது, ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆங்காரம் பிடித்தவர்கள் அல்லர்; பாராட்டுக்குப் பசித்தவர்கள்.

எவாகிரியுஸுக்குப் பின்வந்த துறவி யோவான் காசியான், வீண்பெருமையை வெங்காயத்துக்கு ஒப்பிட்டார். ஒரு தோலை உரித்தால் அடுத்த தோல் தயாராக இருக்கும். ஏழாம் நூற்றாண்டில் சீனாய் மலையில் வாழ்ந்த யோவான் கிளிமாக்கு சொன்ன உவமை நம் ஊர்க்காரருக்கு இன்னும் எளிதில் விளங்கும். எப்படி எறிந்தாலும் ஒரு முள் மேல்நோக்கியே நிற்கிற முட்காயைப்போல இந்தப் பாவம் இருக்கிறது என்றார் அவர். செருப்பில்லாமல் வரப்பில் நடந்தவர்களுக்கு நெருஞ்சியைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நோன்பிருந்தால் நோன்பிருக்கிறேன் என்று பெருமை. பிறர் அறியக்கூடாதென்று நோன்பை விட்டால் என் விவேகத்தைப் பார் என்று பெருமை. பேசினாலும் தோற்கிறேன், வாய்மூடினாலும் தோற்கிறேன் என்று அவர் தன்னையே சொல்லிக்கொள்கிறார்.

புனித அகுஸ்தீனார் தம் வாழ்க்கை அறிக்கையின் பத்தாம் புத்தகத்தில் இன்னொரு சிக்கலைக் கண்டுபிடித்திருக்கிறார். பணத்தின்மேல் ஆசை இருக்கிறதா என்று சோதிக்க வேண்டுமானால் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பார்க்கலாம். புகழ் இல்லாமல் இருக்க முடியுமா என்று சோதிப்பதற்கு, யாரும் புகழாதபடி கெட்டவனாக வாழ்ந்து பார்க்கவா முடியும் என்று கேட்கிறார். நல்ல வாழ்வோடு புகழும் ஒட்டிக்கொண்டுதான் வரும் என்பதை அவர் மறைக்கவில்லை.

இனி இரண்டாமவர். முப்பது ஆண்டுகளாக ஒரு பங்கின் பாடகர் குழுவை நடத்திய மாஸ்டர். விருத்தாசலம் பக்கத்துக்காரர், சிறுவயதில் கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை திருவிழாவுக்கு நடந்தே போனவர். திருவிழாத் தேர்பவனி முடிந்த மறுநாள் திருப்பலியின் இறுதியில் வாசிக்கப்படும் நன்றியுரையில், அதுவரை ஆண்டுதோறும் "பாடகர் குழுவினருக்கும் அவர்களைத் திறம்படப் பயிற்றுவிக்கும் மாஸ்டர் அவர்களுக்கும்" என்று பெயரோடு வந்த வரி, ஓர் ஆண்டு "பாடகர் குழுவினருக்கும்" என்பதோடு நின்றுவிட்டது. தட்டச்சு செய்தவர் புதியவர்; அவ்வளவுதான் காரணம். மாஸ்டர் அந்த வாரமே உடல்நலக்குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் குழுவிலிருந்து விலகினார். மூன்று ஆண்டுகள் கழித்து, நெஞ்சு படபடப்புக்காக எல்லாப் பரிசோதனையும் செய்து ஒன்றும் இல்லை என்றான பிறகு, என்னிடம் வந்தார்.

ஐந்தாவது சந்திப்பில் மணிபர்சைத் திறந்து, அன்னையின் சிறு படத்துக்குப் பின்னாலிருந்து, எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். நன்றியுரையின் ஒளிநகல். மடிப்புகளில் எழுத்து அழிந்திருந்தது. பந்தல் போட்டவர், ஒலி ஒளி அமைத்தவர், பூ அலங்காரம் செய்தவர், தேர் தூக்கிய இளைஞர்கள், அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவர் என்று இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள். பாடகர் குழு என்ற வரிக்கு எதிரில், ஓரத்தில், பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று. பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தாம்தான் குறித்து வைத்ததாகச் சொன்னார். அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தபடி, "முப்பது வருசம் மேடம்" என்று மட்டும் சொன்னார்.

அவருடைய வலியை நான் சிறியதாக நினைக்கவில்லை. அங்கீகாரம் மனிதனுக்கு வேண்டியதுதான். கூப்பிட்டுப் பெயர் சொல்ல ஆள் இல்லாத வீடு வீடாக இருப்பதில்லை. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளும் அவர் பாடவே இல்லை. குளியலறையில்கூட இல்லை என்று அவருடைய மனைவி சொன்னார். கடவுளுக்காகப் பாடினேன் என்று முப்பது ஆண்டுகள் மனதார நம்பியவர் பாட்டையே நிறுத்திவிட்டார். ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் எழுதிய துறவற விதிகளின் 57-ஆம் பிரிவு, மடத்துக் கைவினைஞர் ஒருவர் தம் திறமையால் செருக்கடைந்தால் தாழ்ச்சி அடையும்வரை அந்த வேலையிலிருந்தே அவரை விலக்கிவைக்கச் சொல்கிறது. அதை முதலில் படித்தபோது கொடுமையாகத் தோன்றியது. இப்போது, பாட்டுக்கும் அதைப் பாடுகிறவரின் பசிக்கும் இடையே ஒரு பிளவைக் காட்டுகிற சிகிச்சையாகவே அதைப் பார்க்கிறேன்.

இங்கே என் தொழில் சார்ந்த ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் போகக்கூடாது. தாழ்ச்சி என்று கத்தோலிக்கர் சொல்வதையும் தாழ்மை என்று மற்றச் சபையினர் சொல்வதையும், அடிபட்டு நொறுங்கிய ஒரு மனதின்மேல் மருந்தாகத் தடவாதீர்கள். கணவன் அடிப்பதைச் சொல்லி அழுத ஒரு பெண்ணிடம் "தாழ்ச்சியாக இரு" என்று சொல்லி அனுப்பியவர்களை நான் அறிவேன். மனச்சோர்வில் இருப்பவர் "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பது தாழ்ச்சி அல்ல. அது நோயின் குரல். பாலைவனத் தந்தை மக்காரியுஸ் தம் சீடனைக் கல்லறைக்கு அனுப்பி, இறந்தவர்களை ஒருநாள் திட்டவும் மறுநாள் புகழவும் சொல்லி, அவர்கள் இரண்டுக்கும் பதில் பேசாததுபோல நீயும் இரு என்று போதித்த கதை அழகானதுதான். அதை அப்படிப்பட்டவர்களிடம் நான் ஒருபோதும் சொல்வதில்லை. "தாழ்ச்சி என்பது உண்மையில் நடப்பது" என்ற அவிலா தெரசாவின் கருத்தை மட்டும் சொல்கிறேன். உன்னிடம் உள்ளதை இல்லை என்பதும் பொய்தான்.

அதனால்தான் பாராட்டு வரும்போது மறுத்துப் பேசுவதையும் நான் ஊக்குவிப்பதில்லை. "ஐயோ, நான் என்ன செய்தேன், எல்லாம் ஆண்டவர் செயல்" என்று ஒருவர் சொல்வதும், எதிரில் இருப்பவர் "இல்லை இல்லை, நீங்கள் இல்லாவிட்டால் நடந்திருக்காது" என்று இரண்டாம் முறை புகழ்வதும், பிறகு மூன்றாம் சுற்றும் ஆலய வாசலில் ஞாயிறுதோறும் நடக்கிற காட்சி. லூக்கா 18-இல், தன்னை நீதிமான் என்று எண்ணிக்கொண்டு செபிக்கும் பரிசேயனின் செபமும் "கடவுளே, உமக்கு நன்றி" என்றுதான் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். மாறாக, உறவினர் எலிசபெத்து வாழ்த்தியபோது இயேசுவின் தாய் மரியாள் மறுக்கவில்லை. எல்லாத் தலைமுறையும் என்னைப் பேறுபெற்றவள் என்று சொல்லும் என்று நிமிர்ந்து சொல்லிவிட்டு, வல்லவர் எனக்குச் செய்தார் என்று அடுத்த மூச்சிலேயே காரணத்தையும் சொல்லிவிட்டார். "நன்றி" என்று ஒருமுறை சொல்லி, பேச்சை வேறு பக்கம் திருப்பப் பழகுவதே என்னிடம் வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி. கேட்க எளிது, பலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது.

எனக்கே ஆனது. ஒரு மறைமாவட்டக் கருத்தரங்கில் பேசிவிட்டு வந்த இரவு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அந்த ஃபாதர் உன்னைப் பாராட்டியதை இதோடு மூன்றாவது தடவை சொல்கிறாய்" என்றார் என் கணவர். தலைப்பு என்னவென்று கேட்கிறீர்களா? பணிவாழ்வில் தாழ்ச்சி.

பிரசங்கியாருடன் நாங்கள் முடிவு செய்தவை சில. பேசிய நாளில் பின்னூட்டங்களைத் திறப்பதில்லை. மறுநாள் மாலை, பத்து நிமிடம், அவ்வளவே. இரவு ஆன்மப் பரிசோதனையில் ஒரே ஒரு கேள்வி: இன்று பாராட்டு வேண்டி எதை மாற்றினேன், எதை விட்டேன்? பிறகு, மாதத்துக்கு ஒருமுறை யாருக்கும் தெரியாத ஒரு வேலை. அவர் பழைய பட்டினத்தில் ஒரு முதியவருக்கு மருந்து வாங்கிக் கொடுக்கப் போகிறார் என்று ஊகிக்கிறேன். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கந்துவட்டியைப் பற்றிப் பேசினாராம். பார்த்தவர்கள் பாதிக்கும் குறைவு.

பாராட்டுகிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பொன்னாடையும் பெயர்ப்பட்டியலும் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். செய்த வேலையைக் குறிப்பாகச் சொல்லிப் பாராட்டுங்கள் என்பேன். 1998-இல் உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் ட்வெக்கும் வெளியிட்ட ஆய்வில், புதிர்களை விடுவித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரைப் புத்திசாலி என்றும் வேறு சிலரை நன்றாக உழைத்தாய் என்றும் பாராட்டினார்கள். அடுத்து வந்த கடினமான புதிர்களில் தோற்றபோது, புத்திசாலி எனப்பட்ட பிள்ளைகளே விரைவில் சோர்ந்தார்கள்; தம் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். மறைக்கல்வி வகுப்பில் "நீதான் குட்டிப் புனிதை" என்று சொல்கிற ஆசிரியைகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். விவிலியத்தில், லிஸ்திரா நகரில் திருத்தூதர்கள் பவுலையும் பர்னபாவையும் தெய்வங்கள் என்று மாலையோடு வந்த அதே கூட்டம், சற்றைக்கெல்லாம் வெளியூரார் பேச்சைக் கேட்டுப் பவுலைக் கல்லால் அடித்து ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டது. மாலை வந்தபோதே அந்தத் திருத்தூதர்கள் இருவரும் தம் உடையைக் கிழித்துக்கொண்டு கதறினார்கள்.

மாஸ்டரிடம் ஒருமுறை இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைப் பற்றிப் பேசினேன். நான்கு நற்செய்திகளிலும் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை என்றேன். "அவருக்குத்தான் வீரமாமுனிவர் தேம்பாவணியில 3615 பாட்டு பாடிட்டாரே மேடம், கடைசியில அவருக்கும் பேர் கிடைச்சிடுச்சே" என்று சிரித்தார். மூன்று ஆண்டுகளில் முதன்முறையாக அவர் சிரித்ததைக் கேட்டு வாசலில் இருந்த மனைவி எட்டிப் பார்த்தார்.

சென்ற கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியில் பாடகர் குழுவில் இல்லாமல், பின்வரிசைப் பெஞ்சில் நின்று, எல்லாரோடும் சேர்ந்து பாடினாராம். சனவரியில் வந்தபோது அந்தத் தாளைப் பற்றிக் கேட்டேன்.

"கிழிச்சிடலாம்னு எடுத்தேன் மேடம். கிழிச்ச உடனே உங்ககிட்ட வந்து சொல்லணும்னு தோணிச்சு. அப்படியே மடிச்சு திரும்பவும் வச்சிட்டேன்."