பதினைந்தாயிரம் டன் குண்டை யார் தூக்கியது?

ரசாயனச் சரக்கு ஏற்றும் லாரி ஓட்டுநர்களுக்கும் கிடங்குப் பணியாளர்களுக்கும் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது என் தொழில். ஒருநாள் ஹிரோஷிமா குண்டின் வலிமை 15 கிலோ டன் என்று பலகையில் எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து மூத்த ஓட்டுநர் ஒருவர் எழுந்தார்.

“சார், கிலோ டன் என்றால் ஆயிரம் டன். பத்து டன் லாரியில் ஏற்றினாலே ஆயிரத்து ஐந்நூறு லோடு வருகிறதே! அதை எந்த விமானம் தூக்கியது?”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. படித்தவர்களே கேட்காமல் தாண்டிப்போகிற கேள்வி அது.

1945 ஆகஸ்ட் 6 அன்று போடப்பட்ட அந்தக் குண்டின் எடை ஏறத்தாழ 4.4 டன்தான். உள்ளே இருந்த யுரேனியம் 64 கிலோ. அதிலும் பிளவுற்றது ஒரு கிலோவுக்கும் குறைவு. 15 கிலோ டன் என்பது, அத்தனை டிஎன்டி வெடிமருந்து வெடித்தால் எவ்வளவு ஆற்றல் வெளிப்படுமோ அந்த அளவு. எடை அல்ல. ஒன்றரை டன் ஏசியை இரண்டு பேர் தூக்கிச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள் அல்லவா? அங்கேயும் டன் என்பது எடையைச் சொல்லவில்லை. ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அந்த வேகத்தில் அறையின் வெப்பத்தை வெளியேற்றும் திறனைச் சொல்கிறது.

ஒரு டன் டிஎன்டியின் ஆற்றல் 418 கோடி ஜூல் என்று வைத்திருக்கிறார்கள். மின்சாரக் கணக்கில் சுமார் 1,160 யூனிட். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவாகும் வீட்டுக்கு இது ஆறு மாதம்கூட வராது. இவ்வளவுதானா என்று தோன்றும். இன்னும் கேளுங்கள்: ஒரு கிலோ அரிசியில் இருக்கும் ஆற்றல், ஒரு கிலோ டிஎன்டியில் இருப்பதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அரிசி மூட்டை ஏன் வெடிப்பதில்லை? டிஎன்டிக்குள் வெடிப்பு நொடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சோறு செரிக்கச் சில மணி நேரம் ஆகிறது. வீட்டிலுள்ள 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டரின் ஆற்றலும் சுமார் 150 கிலோ டிஎன்டிக்குச் சமம். அடுப்பில் ஒரு மாதம் எரிந்தால் சாம்பார். மூடிய அறையில் கசிந்து காற்றோடு கலந்து தீப்பிடித்தால், அதில் சிறு பங்கு மட்டுமே அதிர்வலையாக மாறினாலும் சுவர் நிற்காது.

உரமாகவும் வெடிமருந்து செய்யவும் பயன்படும் அமோனியம் நைட்ரேட் விஷயத்தில் குழப்பம் தலைகீழ். 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தின் 12ஆம் எண் கிடங்கில் இருந்தது 2,750 டன். அது வெடித்த ஆற்றலை ஆய்வாளர்கள் பெரும்பாலும் அரை கிலோ டன் முதல் ஒரு கிலோ டன்னைச் சற்றுத் தாண்டியது வரை மதிப்பிட்டார்கள். கிலோவுக்குக் கிலோ அது டிஎன்டியைவிட வலு குறைந்தது. குவியல் முழுதும் வெடிப்பதும் இல்லை. ஜெர்மனியின் ஓப்பாவில் 1921இல் இருந்த 4,500 டன் கலப்பு உரத்தில் பத்தில் ஒரு பங்குதான் வெடித்தது. அதற்கே ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெய்ரூட் செய்தி வந்த பிறகுதான், சென்னைக்கு அருகே மணலியில் 2015இல் பறிமுதலான சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட் கிடப்பது பலருக்கு நினைவு வந்தது. சில நாள்களில் ஹைதராபாத்துக்கு லாரிகள் புறப்பட்டன.

ஒரு கிடங்கு மேலாளர் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: “சரக்கில் பாதியை எடுத்துவிட்டோம், இனி கிடங்கைச் சுற்றிப் பாதி தூரம் விட்டால் போதும்.” போதாது. அதிர்வலை எட்டும் தூரம் வெடிமருந்தின் அளவோடு நேராகக் குறைவதில்லை. கன மூலத்தில்தான் குறைகிறது. சரக்கைப் பாதியாக்கினால் ஆபத்தான தூரம் ஐந்தில் ஒரு பங்குதான் சுருங்கும். அதைப் பாதியாக்க வேண்டுமானால் எட்டில் ஏழு பங்கை வெளியேற்ற வேண்டும். அவர் கால்குலேட்டரை எடுத்து இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

இன்னொன்று, கண்ணாடி. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் வெடித்த விண்கல்லின் ஆற்றல் 400 முதல் 500 கிலோ டன். அது வெடித்தது சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில். ஒளியைக் கண்டவர்கள் வேடிக்கை பார்க்க ஜன்னலுக்கு வந்தார்கள். ஒரு நிமிடத்துக்கும் மேல் கழித்து அதிர்வலை வந்தது. காயமடைந்த ஏறத்தாழ 1,500 பேரில் பெரும்பாலோரைக் கிழித்தது உடைந்த கண்ணாடி. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று நொடி. தொலைவில் பெரும் ஒளியோ வழக்கத்துக்கு மாறான புகையோ தெரிந்தால், கைப்பேசியைத் தேடாமல் ஜன்னலை விட்டு விலகித் தரையில் படுங்கள்.

வகுப்பு முடிந்து வாசலில் அந்த ஓட்டுநர் காத்திருந்தார். “என் வண்டியில் பதினெட்டு டன் உரம் இருக்கிறது சார். அது எத்தனை டன்?”

எந்த உரம் என்று கேட்டேன். யூரியா என்றார். அமோனியம் நைட்ரேட் அல்ல. நிம்மதியாக இருந்தது. இருந்தாலும் லோடு சீட்டை வாங்கி ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.