தீவுக்கு வேலி போட்டால் போதுமா?

எண்ணெய் படிந்த பென்குயின் சிகிச்சைக்கு வந்தால் நாங்கள் அதை உடனே கழுவுவதில்லை. பார்ப்பவர்களுக்குப் பதற்றமாக இருக்கும். ஆனால் அது குளிரில் நடுங்கி, நீர்ச்சத்து இழந்து, சிறகைக் கோதிக் கோதி எண்ணெயை விழுங்கியிருக்கும். அந்த நிலையில் கழுவினால் அதிர்ச்சியிலேயே இறந்துவிடக்கூடும். முதலில் உடல் சூட்டை மீட்க வேண்டும். குழாய் வழியே நீர்மமும், வயிற்றிலுள்ள எண்ணெயை ஈர்க்கக் கரித்தூளும் கொடுக்க வேண்டும். பறவை தேறிய பிறகுதான் வெதுவெதுப்பான நீரும் சோப்புத் திரவமும். அலசும்போது நீர் சிறகில் ஒட்டாமல் முத்துமுத்தாக உருண்டோட வேண்டும். ஓடவில்லையென்றால் சோப்போ எண்ணெயோ மிச்சமிருக்கிறது, மறுபடியும் அலசத்தான் வேண்டும்.

இந்த வேலை பலன் தரும். 2000ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கக் கடலில் 'டிரெஷர்' கப்பல் மூழ்கியபோது எண்ணெயில் தோய்ந்த சுமார் 19,000 ஆப்பிரிக்கப் பென்குயின்கள் மீட்கப்பட்டன; பெரும்பாலானவை பிழைத்துக் கடலுக்குத் திரும்பின. ஆனாலும் 2024இல் இந்தப் பறவை 'மிக அருகிய இனம்' என்று அறிவிக்கப்பட்டது. எஞ்சியிருப்பவை 10,000 இணைகளுக்கும் குறைவு.

முக்கியமான காரணம் பசி. மத்தியும் நெத்திலியும்தான் இவற்றின் முதன்மை இரை. அதே மீன்களைச் சுருக்குமடி வலைகளும் அள்ளுகின்றன. கடல்நீரின் தன்மை மாறியதால் மீன் கூட்டங்களும் இடம்பெயர்ந்துவிட்டன. குஞ்சு கூட்டில் காத்திருக்கும்போது தாயும் தந்தையும் நெடுந்தூரம் போக முடியாது. அருகில் இரை இல்லையென்றால் குஞ்சு மெலியும். அப்படி வரும் குஞ்சைத் தூக்கினால் மார்பெலும்பு கத்தி முனைபோல் விரலில் தட்டுப்படும். அதற்கு மீன் ஊட்டித் தேற்றிவிடலாம். அது திரும்பிப் போகும் கடலில் மீன் இருக்க வேண்டுமே!

தென்னாப்பிரிக்காவின் அல்கோவா வளைகுடாவிலுள்ள செயின்ட் குரோய் தீவில்தான் ஒரு காலத்தில் இந்தப் பென்குயின்கள் மிக அதிகமாகக் கூடு கட்டின. 2019இல் அந்தக் கடற்பகுதி பாதுகாப்பின் கீழ் வந்தது. ஆனால் அதற்கு முன்பே, 2016இல், வளைகுடாவில் கப்பலுக்குக் கப்பல் எரிபொருள் நிரப்பும் தொழில் தொடங்கியிருந்தது. இரைச்சல் கூடியது, எண்ணெய்க் கசிவுகளும் நடந்தன. வரைபடத்தில் கோடு போடுவது மட்டும் பாதுகாப்பு ஆகாது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். பறவை எங்கே இரை தேடுகிறதோ அதுவரை அந்தக் கோடு நீள வேண்டும்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2025 மார்ச்சில் பிரிட்டோரியா உயர் நீதிமன்ற ஆணையின்படி, செயின்ட் குரோய் உட்பட ஆறு வாழிடங்களைச் சுற்றி மத்தி, நெத்திலிக்கான சுருக்குமடி மீன்பிடிப்புக்குப் பத்து ஆண்டுத் தடை வந்தது. மீன்பிடித் தொழில்துறையும் பறவைப் பாதுகாப்பு அமைப்புகளும் பேசி எட்டிய உடன்பாடு அது. வழக்காடியவர்களே எல்லையை ஒப்புக்கொண்டதால் அது நிலைக்கும் என்று நம்புகிறேன்.

கரைக்கு வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். சிறகு கலைந்து, பிய்ந்த பஞ்சுபோல் கரையில் அசையாமல் நிற்கும் பென்குயினைக் கடலுக்குள் விரட்டாதீர்கள். அது சிறகு உதிர்க்கும் காலமாக இருக்கலாம். சுமார் மூன்று வாரம் உண்ணாமல் அது கரையிலேயே நிற்கும். புதுச் சிறகு முளைக்கும்வரை குளிர்நீரைத் தாங்காது. உங்கள் நாயைக் கயிற்றில் கட்டிப் பிடித்துக்கொண்டு விலகி நில்லுங்கள். எண்ணெய் படிந்திருந்தாலோ காயம் இருந்தாலோ நீங்களே கழுவவோ தீனி ஊட்டவோ வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு வனவிலங்கு மீட்புக் குழுவுக்கு உடனே தகவல் கொடுங்கள்.