மனநலத் தொண்டு நிறுவனத்துக்கு மூல நிதியும் உயில் கொடையும்: விதிகள் என்ன சொல்கின்றன?

மனச்சிதைவு போன்ற நோய்க்கு மாத்திரை ஆண்டுக்கணக்கில் தேவைப்படும். பலருக்கு ஆயுள் முழுக்க. வீடு திரும்ப வழியில்லாதவர்களின் தங்குமிடச் செலவும் அப்படித்தான். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் முன்னின்று 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993இல் தொடங்கிய தி பேன்யன் போன்ற அமைப்புகள் செய்வது இந்த வகை வேலை. இதற்கு, கோயிலில் கட்டளை வைப்பதுபோல முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் செலவு செய்யும் ‘மூல நிதி’ ஏற்பாடு நன்றாகப் பொருந்தும். ஆனால் கொடுப்பவர் அதை எழுதித் தராவிட்டால் அந்த ஏற்பாடு சட்டத்தின் கண்ணில் இல்லவே இல்லை.

காரணம் வருமான வரி விதி. வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை தன் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். சாதாரண நன்கொடையும் ‘வருமானம்’தான். ஒன்றும் எழுதாமல் பத்து லட்சம் அனுப்பினால் அதுவும் அந்தக் கணக்கில் போய்ச் சேரும். ‘இது மூல நிதிக்கு’ (பேச்சில் கார்பஸ்) என்று குறிப்பாக எழுதித் தந்தால் மட்டுமே அது தனியாக நிற்கும். 2021ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பிறகு, அந்தத் தொகையை அட்டவணை வங்கி (ரிசர்வ் வங்கியின் பட்டியலில் உள்ள வங்கி), அஞ்சலகச் சேமிப்பு, அரசுப் பத்திரம் முதலிய அனுமதிக்கப்பட்ட முதலீடுகளில், மூல நிதிக்கென்றே தனியாக வைத்திருக்கவும் வேண்டும். கடிதம் பணத்தோடு போக வேண்டும். தணிக்கை நேரத்தில் முன்தேதியிட்டு வாங்கும் கடிதம் வம்பு.

கடிதத்தில் இவ்வளவு போதும்: “இந்த ரூ.10,00,000 தங்கள் அறக்கட்டளையின் மூல நிதியில் சேர்க்கப்பட வேண்டும். இதன் வருவாயை வெளிநோயாளிகளின் மருந்துச் செலவுக்குப் பயன்படுத்தவும். அத்திட்டம் நின்றுபோனால், அதையொட்டிய வேறு மனநலப் பணிக்கு அறங்காவலர்கள் பயன்படுத்தலாம்.” கடைசி வாக்கியத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நோக்கத்தை மிகக் குறுக்கி எழுதி, அந்தத் திட்டமே இல்லாமல் போனால், நோக்கத்தை மாற்ற நீதிமன்றம் வரை போக நேரலாம்.

பத்து லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 70,000 ரூபாய். மாதம் 5,800 சொச்சம். மருந்து விலை ஏறும், இந்தத் தொகை ஏறாது. ஆகவே வட்டியில் ஒரு பங்கை முதலோடு சேர்க்கச் சொல்வது புத்திசாலித்தனம். 85 சதவீத விதி அறக்கட்டளையின் மொத்த வருமானத்துக்கானது என்பதால் எவ்வளவு சேர்க்க முடியும் என்பதை அவர்களுடைய தணிக்கையாளரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

வரிச்சலுகையைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 80ஜி கழிவு (நன்கொடைக்காக வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை) பழைய வரி முறையில் மட்டும்தான். பெரும்பாலான தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்ததில் பாதிதான் கழியும். அதுவும், குறிப்பிட்ட கழிவுகள் போக எஞ்சும் மொத்த வருமானத்தில் 10 சதவீதம் என்ற வரம்புக்குள். அந்த வருமானம் 12 லட்சம், கொடை 2 லட்சம் என்றால் கணக்கில் வருவது 1,20,000, கழிவது 60,000. மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. பெருந்தொகையைச் சில ஆண்டுகளாகப் பிரித்துக் கொடுப்பது இதனால்தான் லாபம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. வீடு, பங்கு போன்ற பொருள்கொடைக்கும் கிடையாது. ரசீது மட்டும் போதாது: நிறுவனம் வரித்துறைக்கு விவரம் தாக்கல் செய்து 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் தர வேண்டும். பான் எண் தவறினால் கழிவும் தவறும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன (இங்கு உள்ளவை பழைய எண்கள்).

உயில் வழியாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை இல்லை. கையில் இருப்பதை இப்போதே பிரிய வேண்டியதும் இல்லை. வெற்றுத்தாளில் எழுதலாம், முத்திரைத் தீர்வை இல்லை, பதிவும் கட்டாயமில்லை (இருந்தாலும் பதிவது நல்லது). குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். நிறுவனத்தின் பதிவுப் பெயர், பதிவு எண், பான் மூன்றையும் எழுதுங்கள். ‘மூல நிதிக்கு’ என்ற சொல் இங்கும் வேண்டும். குறிப்பிட்ட வைப்பு ரசீது எண்ணை எழுதி, அந்த ரசீதை இடையில் உடைத்துவிட்டால் கொடையும் போயிற்று. ‘மீதிச் சொத்தில் இத்தனை சதவீதம்’ என்று எழுதுவதே பாதுகாப்பானது. பூர்வீகச் சொத்தில் தன் பங்கை மட்டுமே எழுத முடியும். முஸ்லிம்கள், வாரிசுகள் சம்மதிக்காதவரை, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது.

நாமினி வழி உயிலுக்கு மாற்றாகாது. வங்கிக் கணக்கில் தனிநபரை மட்டுமே நாமினியாகப் போடலாம், அறக்கட்டளையைப் போட முடியாது. மியூச்சுவல் ஃபண்டில் அறக்கொடை அறக்கட்டளையைப் போடலாம். ஆனாலும் நாமினி என்பவர் பொதுவாகப் பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், உரிமையாளர் அல்லர்.

மனநோய் உள்ள மகனுக்கோ மகளுக்கோ பின்னாளில் பராமரிப்பு கிடைக்கும் என்று நினைத்து நிறுவனத்துக்கே எழுதிவைக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டும். பொது அறக்கட்டளைக்குத் தரும் கொடையை ஒரு தனிமனிதரின் பராமரிப்புக்கு என்று கட்டிப்போட முடியாது. பிள்ளையின் பெயரில் தனியார் அறக்கட்டளை ஒன்றை உயிலிலேயே அமைத்து, பிள்ளையின் காலத்துக்குப் பின் எஞ்சுவது நிறுவனத்துக்கு என்று எழுதுவதே சரி. மனநோய் உள்ளவரும் தெளிந்த மனநிலையில் இருக்கும்போது உயில் எழுதலாம். அன்றைய தேதியில் மனநல மருத்துவரின் சான்று வாங்கி வைத்தால் பின்னால் வழக்கு வந்தால் உதவும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் குடியுரிமைதான் கணக்கு. இந்தியக் கடவுச்சீட்டோடு சிங்கப்பூரில் இருப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தாலும் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடைதான். நிறுவனத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருக்க வேண்டும், பணம் அதற்கென டெல்லி பாரத ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் உள்ள கணக்குக்கு வர வேண்டும். கொடுப்பதற்கு முன் 12ஏபி (நிறுவனத்தின் வரிவிலக்குப் பதிவு), 80ஜி அனுமதிகள் எந்த ஆண்டுவரை செல்லும் என்று கேளுங்கள். நோயாளிகளை உள்ளே சேர்த்துப் பராமரிக்கும் இடமென்றால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.