சிறாருக்கான இரவு ஊரடங்கு: விலக்குகளையும் படியுங்கள்

டெக்சாஸில் வழக்கறிஞராகப் பணிபுரியும் என்னிடம் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தமிழ்த் தந்தை தம் பதினாறு வயது மகனுடன் வந்தார். உணவகத்தில் வேலை முடிந்து இரவு பதினொன்றரை மணிக்கு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த பையனுக்கு, ஊரடங்கை மீறியதாகக் காவலர் டிக்கெட் (நீதிமன்றத்துக்கு அழைக்கும் குற்றச்சாட்டுச் சீட்டு) கொடுத்திருந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிடலாமா என்று தந்தை கேட்டார். கூடாது என்றேன், ஏனெனில் அவன் எந்தக் குற்றமும் செய்திருக்கவில்லை.

அமெரிக்காவில் சிறாருக்கான ஊரடங்குச் சட்டங்களுக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது டாலஸ் நகரம் 1991-இல் இயற்றியதாகும். 17 வயது நிறையாதவர்கள் ஞாயிறு முதல் வியாழன் வரை இரவு 11 மணி முதலும், வெள்ளி, சனிக்கிழமைகளில் நள்ளிரவு முதலும், காலை 6 மணி வரை பொது இடங்களில் இருக்கக் கூடாது என்றும், மீறினால் பெற்றோருக்கும் 500 டாலர் வரை அபராதம் உண்டு என்றும் அது கூறியது. ஆயினும் பெற்றோருடன் செல்வது, அவர்கள் சொன்ன வேலையாகச் செல்வது, வேலைக்குச் சென்று நேராகத் திரும்புவது, அவசர நிலை, பள்ளி அல்லது சமய நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு விலக்கு இருந்தது. இந்த விலக்குகளைக் கருத்தில் கொண்டே 1993-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. மாறாக, கலிபோர்னியாவின் சான் டியேகோ நகர ஊரடங்கு, வாசகம் தெளிவற்றதாகவும் விலக்குகள் குறுகியதாகவும் இருந்ததால் 1997-இல் செல்லாததாயிற்று.

நடவடிக்கை எடுக்கும் முன் வயதையும் காரணத்தையும் காவலர் கேட்க வேண்டும் என்பதும் டாலஸ் சட்டத்தில் இருந்தது. என்னிடம் வந்த அந்தப் பையனிடமும் கேட்டிருக்கிறார்கள். காவலரிடம் எதிர்த்துப் பேசக் கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்த்ததால், அவன் காரணத்தைச் சொல்லாமலே நின்றிருக்கிறான். அதைக் கேட்டபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. உணவக மேலாளர் தந்த வேலைநேரப் பதிவைக் காட்டியதும் வழக்கு தள்ளுபடியானது. டிக்கெட்டில் கையெழுத்திடுவது நீதிமன்றத்துக்கு வருவதாகத் தரும் உறுதிமொழியே தவிர, குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

2023 செப்டம்பர் 1 முதல், பேரிடர்க்கால உத்தரவுகள் நீங்கலாக, டெக்சாஸ் நகரங்கள் சிறாருக்கு ஊரடங்கு விதிக்க முடியாது. ஆனால் லாஸ் ஏஞ்சலஸிலும் சிகாகோவிலும் 18 வயதுக்குட்பட்டோருக்கு இரவு 10 மணிக்கே ஊரடங்கு தொடங்குகிறது. கோடை விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பும் முன் அந்த நகரத்தின் நேரத்தையும் விலக்குகளையும் பாருங்கள். காவலர் நிறுத்தினால் வயதையும், எங்கிருந்து எங்கே போகிறோம் என்பதையும் பணிவாக, தெளிவாகச் சொல்ல வீட்டிலேயே ஒருமுறை பழக்கிவிடுங்கள்.