கீறல் மேலேயா, உள்ளேயா?

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே என் சித்தியின் வீடு. பாண்டியின் பழைய மாடிகளில் பெரும்பாலும் தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் காரை பூசியிருப்பார்கள். சித்தி வீட்டிலும் அப்படித்தான். தெருப்பக்கத்து அறை ஒன்றில் மட்டும் தேக்குப் பலகைத் தரை. போன மாசியில் அதைத் தேய்த்து பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் போட்டோம். ராத்திரி டியூப்லைட்டில் பார்த்தபோது தண்ணீர் தேங்கி நிற்பதுபோல் இருந்தது. காலையில் கிழக்கு ஜன்னலைத் திறந்ததும் சித்தியின் முகம் வாடிவிட்டது. அங்கங்கே தூசுப் புள்ளிகள், நாலைந்து குமிழிகள், கதவோரம் அரைவட்டமாகத் தேய்ப்புக் கோடுகள், நடுவில் ஒரு வெள்ளைக் கீறல். "நேத்து ராத்திரி இதெல்லாம் இல்லையே!" என்றார்.

இருந்தது. ஆனால் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழுந்தது. அப்படி விழும் வெளிச்சத்தில் சின்ன மேட்டுக்கு நிழல் கிடையாது. காலை வெயில் தரையை உரசிக்கொண்டு வரும். 5 டிகிரி சாய்வில் வரும் ஒளியில், 0.1 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு தூசுக்கே 1 மில்லிமீட்டருக்கு மேல் நிழல் நீளும். பாலிஷ்காரர்கள் கடைசிக் கோட்டுக்கு, அதாவது கடைசிப் பூச்சுக்கு, முன்னால் டார்ச்சைத் தரையில் படுக்கவைத்து அடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். அந்தக் கோட்டுக்குப் பிறகு டார்ச் அடித்தால் எந்தத் தரையும் தேறாது. நின்றபடி, பகல் வெளிச்சத்தில் கண்ணை உறுத்துவதை மட்டும் சரிசெய்தால் போதும் என்பது என் கருத்து.

வேலை செய்த பெரியவர் அன்று காலை வந்து உட்கார்ந்தார். வெள்ளைக் கீறலை உடனே தேய்க்கவில்லை. விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு, கீறலின் மேல் மெதுவாக இழுத்தார். கீறல் மறைந்தது. ஈரம் உலர்ந்ததும் திரும்ப வந்தது. "மேலதான்மா இருக்குது, மரத்துக்குள்ள போகல" என்றார்.

அந்த ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் நல்ல இயற்பியல் இருக்கிறது. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது 1. காய்ந்த பாலிஷ் படலத்துக்கு ஏறத்தாழ 1.5. இரண்டுக்கும் இடையே வித்தியாசம் பெரிது. அதனால் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். வழவழப்பான பரப்பில் அது ஒரே திசையில் திரும்பும், பளபளப்பாகத் தெரியும். கீறலுக்குள் சின்னச் சின்னச் சரிவுகள் எல்லாத் திசையிலும் இருப்பதால், அதே ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீரின் எண் 1.33. கீறலைத் தண்ணீர் நிரப்பியதும் படலத்தின் பரப்பில் திரும்பும் ஒளி 0.4 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. சிதற ஒளி இல்லை, கீறலும் கண்ணுக்கு இல்லை. கீறல் மரம் வரை போயிருந்தால் கதை வேறு. அடைப்பு இல்லாத மரம் தண்ணீரை உறிஞ்சும், கோடு கறுத்துத் தெரியும். மேலே இருப்பதற்கு ஒரு வைத்தியம், உள்ளே இருப்பதற்கு இன்னொன்று. எது என்று தெரிவதற்கு முன் உப்புத்தாளைக் கையில் எடுக்கக் கூடாது.

ஏனென்றால் தேய்க்க அங்கே அதிகம் இல்லை. ஒரு கோட் காய்ந்த பிறகு சுமார் 30, 40 மைக்ரான். மூன்று கோட்டும் சேர்ந்து 0.1 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் வரும். 120 நம்பர் தாளில் ஒட்டியிருக்கும் மணலின் சராசரிக் கனமே 125 மைக்ரான். அதை வைத்து நாலு தேய்ப்புத் தேய்த்தால் மரம் எட்டிப் பார்த்துவிடும். 400 நம்பரில் மணல் 35 மைக்ரான். படலத்தின் மேல் வேலை செய்ய 320க்குக் கீழே இறங்க வேண்டியதில்லை.

தூசுப் புள்ளிதான் இருப்பதிலேயே எளிது. படலம் நன்றாக இறுகட்டும். பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து, வெட்டாமல் சுரண்டினால் புள்ளியின் தலை மட்டும் போகும். அப்புறம் ஒரு சின்ன ரப்பர் கட்டையில் 400 தாளைச் சுற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மூன்று நான்கு முறை. வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடம் பள்ளமாகும்.

குமிழிகளுக்குக் கடற்கரை ஊரில் தனிக் காரணம் ஒன்று உண்டு. இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் பி.யூ.வில், இறுகவைக்கும் டப்பாவில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது அடுத்த டப்பாவின் பிசினோடு சேர்ந்து வலைபோலப் பின்னிக்கொள்ள வேண்டும். காற்றிலோ மரத்திலோ ஈரம் அதிகமாக இருந்தால் தண்ணீரோடும் சேரும். அப்போது கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். மேல்பரப்பு இறுகத் தொடங்கிவிட்டால் அந்த வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே குமிழியாக நின்றுவிடும். கனமாக ஊற்றிய இடத்தில் இது அதிகம். எங்களுக்குக் குமிழி வந்ததும் ஜன்னல் மூலையில், பிரஷ் இரண்டு முறை ஓடிய இடத்தில். ஈரக்காற்று வீசும் சாயங்காலத்தைவிட, வெயில் ஏறி ஈரப்பதம் இறங்கிய முற்பகல் நேரம் நல்லது. குமிழி வந்துவிட்டால் 320 தாளால் உடைத்து மட்டமாக்கி, மெல்லியதாக ஒரு கோட். ஐசோசயனேட்டின் ஆவி மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமா வரை கொண்டுபோகும். ஆகவே ஜன்னல்களைத் திறந்துவையுங்கள், ஆவியைத் தடுக்கும் கரி வடிகட்டி முகமூடி போடுங்கள். துணி முகமூடி இதற்கு உதவாது.

இப்போது அந்த வெள்ளைக் கீறல். சித்தி சின்ன வயதில் பார்த்தது ஸ்பிரிட் பாலிஷ். "அரக்கு பாலிஷ்ல துணியை ஒரு இழுப்பு இழுப்பாங்க, கீறல் போயிடும். இதுல ஏன் முடியாது?" என்று கேட்டார். முழு விஷயமும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

அரக்கு என்பது ஒரு சிறு பூச்சி மரக்கிளைகளில் சுரந்து வைக்கும் பிசின். ஜார்க்கண்ட் பக்கம் இன்றும் அதை நிறைய எடுக்கிறார்கள். ஸ்பிரிட்டில் கரைத்துத் தேய்த்தால் ஸ்பிரிட் பறந்துபோகும், அரக்கு தங்கும். அதில் வேதிமாற்றம் பெரிதாக நடப்பதில்லை. அதனால் மறுபடியும் ஸ்பிரிட் பட்டால் பழைய படலம் இளகும். புதுக் கோட்டும் பழைய கோட்டும் ஒன்றாகிவிடும், ஒட்டுப்போட்ட ஓரமே தெரியாது. அதே குணத்தால்தான் மழைக்காலத்தில் அது வெளுக்கவும் செய்கிறது. ஸ்பிரிட் வேகமாகப் பறக்கும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் பனிபோலப் படிந்து படலத்துக்குள் சிக்குகிறது. காற்று உலர்ந்த நாளில் ஸ்பிரிட் தொட்ட துணியை லேசாக ஓடவிட்டால், படலம் திறந்து ஈரம் வெளியேறி, வெளுப்பு மறையும்.

பி.யூ. அப்படி இல்லை. இறுகும்போது மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்கும் பிணைந்துவிடுகின்றன. இட்லி மாவு வெந்த பிறகு மறுபடி மாவாகாது, அதுபோல. மேலே வரும் புதுக் கோட் பழையதில் கரையாது. உப்புத்தாள் போட்டு உண்டாக்கிய மெல்லிய வரிகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். முந்தின கோட் முழுதாக இறுகுவதற்குள் அடித்தால் தேய்க்காமலே ஒட்டும், எத்தனை மணி நேரம் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். நேரம் தாண்டிவிட்டால் தேய்க்காமல் அடித்த கோட் பின்னாளில் தோல் உரிவதுபோல உரியும். கீறல் மேல் மட்டும் ஒரு சொட்டு வைத்தாலோ, அந்தச் சொட்டின் ஓரம் கரையாமல் ஒரு வளையமாக நிற்கும்.

பெரியவர் செய்தது இது. கீறல் இருந்த அந்த ஒரு பலகையை மட்டும், இரண்டு பக்க இடுக்கிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை 320 தாளால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தார். துடைத்தார். டப்பாவை அடிவரை கலக்கினார். பிரஷை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஒரு கோட். பலகை முடியும் இடத்தில் எப்படியும் ஒரு இடுக்கு இருக்கிறது. புதுப் பூச்சின் ஓரம் அந்த இடுக்குக்குள் ஒளிந்துகொள்கிறது. பக்கத்துப் பலகைக்கும் இதற்கும் சாயல் கொஞ்சம் மாறினாலும் கண் அதை மரத்தின் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. டப்பாவைக் கலக்குவதிலும் விஷயம் உண்டு. மேட் பாலிஷில் பளபளப்பைக் குறைப்பது சிலிக்கா தூள். அது அடியில் தங்கிவிட்டால், மேலே எடுத்து அடித்த பலகை மட்டும் மினுங்கும்.

கதவோரத்து அரைவட்டக் கோடுகள் படலத்துக்கு அடியில், மரத்திலேயே இருந்தன. தேய்ப்பு மெஷின் 80 நம்பரில் போட்ட வரிகள் அடுத்தடுத்த நம்பர்களில் முழுதாக எடுபடவில்லை. ரேகைக்குக் குறுக்கே வெட்டப்பட்ட நார்கள் ஒளியை வேறு பக்கம் திருப்புகின்றன. பாலிஷ் அதை மறைக்காது, பூதக்கண்ணாடி வைத்ததுபோல எடுத்துக்காட்டும். இதற்குப் படலத்தை எடுத்துவிட்டு 80, 120, 150 என்று கையால் ரேகையோடு தேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கதவு திறந்தே இருக்கும் இடம். சித்தியும் நானும் பேசி அப்படியே விட்டுவிட்டோம்.

அந்த அறையில் என் தவறு ஒன்றும் இருந்தது. பாலிஷுக்கு முன், இரண்டு பலகைகளுக்கு நடுவே இருந்த இடுக்கைத் தேக்குத் தூளும் ஃபெவிக்காலும் பிசைந்து அடைத்தேன். வழிந்ததை ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்தபோது நீர்த்த பசை மரத்தின் துளைகளுக்குள் இறங்கிவிட்டது. அங்கே பாலிஷ் ஊறவில்லை, கையகலத்துக்கு வெளிறிய திட்டு. வழிந்த பசையை அரைகுறையாகக் காயவிட்டு உளியால் எடுத்து, பிறகு தேய்த்திருக்க வேண்டும்.

அடைத்ததே தேவைதானா என்பது இன்னொரு கேள்வி. முழு ஈரத்திலிருந்து முற்றிலும் உலரும்வரை தேக்கு, மரத்தின் ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 5.8 சதவீதம் சுருங்கும். மரத்தின் ஈரம் 1 சதவீதம் மாறினால் அகலம் ஏறக்குறைய 0.2 சதவீதம் மாறும். கோடைக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவே ஈரம் 4 சதவீதம் ஏறினால், 10 சென்டிமீட்டர் பலகை 0.8 மில்லிமீட்டர் வரை உப்பும். கோடையில் கெட்டியாக அடைத்த பசைக் கலவையை மழைக்காலப் பலகை நசுக்கி வெளியே தள்ளும். நகம் நுழையாத இடுக்கை விட்டுவிடலாம். கூட்டினால் குப்பை தங்கும் இடுக்குக்கு, எல்லாக் கோட்டும் முடிந்து இறுகிய பிறகு, நிறம் சேர்த்த மெழுகு. மெழுகை முன்னதாக வைத்தால் அதன் மேல் எந்தப் பாலிஷும் பிடிக்காது.

கை வைத்துப் பார்த்தால் மறுநாளே காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே பிணைப்பு முடிய ஒரு வாரமாவது வேண்டும், எண்ணெய் வகை வார்னிஷுக்கு ஒரு மாதம்கூட ஆகும். அதற்குள் ஜமுக்காளம் விரித்தால் அதன் நெசவு தரையில் பதிந்துவிடும். புதிதாகத் தேய்த்த தேக்கு முதலில் திட்டுத்திட்டாக, சில வரிகள் பச்சை சாயலோடுகூட இருக்கும். வெயில் பட்டுச் சில வாரங்களில் தேன்நிறத்துக்கு வந்து ஒன்றுபடும். எதையாவது போட்டு மூடினால் மூடிய இடம் மட்டும் வெளுத்தே நிற்கும். சித்தி ஜமுக்காளத்தை மடித்துப் பரணில் வைத்துவிட்டு, கிழக்கு ஜன்னலைத் தினமும் காலையில் திறந்துவைக்கிறார்.