பாறையில் பூக்கும் அழுகண்ணி

ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட பிறகும் பழைய வடாற்காட்டு மலைகளின் மொட்டைப் பாறைகளில் அங்கங்கே பல நாள் தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும். பாசி படர்ந்த அந்த ஈரத்தில் குனிந்து தேடினால், அபூர்வமாக, தரையோடு ஒட்டிய சிவப்பு வட்டங்கள் தென்படும். ஒரு ரூபாய்க் காசு அகலம்தான். நடுவிலிருந்து எழும் மெல்லிய தண்டில் ஐந்து இதழ் கொண்ட குட்டி வெள்ளைப் பூக்கள். சித்த மருத்துவம் அறிந்த அழுகண்ணி இது. தாவரவியல் பெயர் டிரோசெரா பர்மானி.

பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடி. அதற்கு ஏன் பூச்சி? வேலூர்ப் பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் நைஸ் (gneiss), சார்னோகைட் என்ற வகைகள். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அவை சிதைந்தால் பொட்டாசியம், கால்சியமெல்லாம் கிடைக்கும், நைட்ரஜன் கிடைப்பது அரிது. அது மக்கிய இலைதழையிலிருந்து வர வேண்டும். சரிவுப் பாறையில் அது மக்குவதற்குள் அடுத்த மழை அடித்துக்கொண்டு போய்விடும். வெயிலுக்குப் பஞ்சமில்லை, மாவுச்சத்தைச் செடி தானே தயாரித்துக்கொள்ளும். புரதமும் பச்சையமும் உண்டாக்கத்தான் நைட்ரஜன் இல்லாமல் திண்டாட்டம்.

இலையை உருப்பெருக்கியில் பாருங்கள். மேலே நிறைய முடிகள். நடுவில் குட்டையானவை, ஒவ்வொன்றின் நுனியிலும் பசைத்துளி மின்னும். ஓரத்து முடிகள் நீளமானவை. கொசு போன்ற பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்து துடித்தால், ஓரத்து முடிகள் சில விநாடிகளுக்குள் உள்பக்கம் மடங்கி அதை நடுப்பசைக்குள் அழுத்திவிடும். செடிகளில் இந்த வேகம் பெரிய விஷயம். அப்புறம் இலை செரிமான நொதிகளைச் சுரந்து பூச்சியின் புரதத்தைக் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் வெறும் கூடுதான் மிஞ்சும்.

இதனால் செடிக்கு உண்மையிலேயே லாபமா? சார்லஸ் டார்வினின் மகன் பிரான்சிஸ் டார்வின் 1878இல் இதே பேரினத்து ஐரோப்பியச் செடி ஒன்றில் சோதித்துப் பார்த்தார். இறைச்சித் துணுக்கு கொடுத்த செடிகள், கொடுக்காதவற்றைவிட இரண்டு மடங்குக்கும் மேல் விதை தந்தன.

அழுகண்ணிக்கும் விதைதான் எல்லாம். பாறை காய்ந்ததும் செடி செத்துவிடும். தூசு போன்ற விதைகள் கோடையைத் தாண்டி அடுத்த மழைக்குக் காத்திருக்கும். எங்காவது பார்த்தால் தயவுசெய்து பிடுங்காதீர்கள். விதை முற்றும் முன் பிடுங்கினால் அந்தக் கசிவில் அடுத்த ஆண்டு முளைக்க ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். கசியும் பாறையையே குவாரிக்காக உடைத்துவிட்டால் விதை இருந்தும் பயனில்லை.