பாஸ்வேர்டை மாற்றும் முன்: அவுட்லுக் லாகின் பிழையைச் சரிசெய்ய

அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் எங்களுக்கு அடிக்கடி வரும் போன் இது: "சார், அவுட்லுக் பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டே இருக்கு. சரியாத்தான் போடுறேன். பாஸ்வேர்டையே மாத்திடட்டுமா?"

மாற்றாதீர்கள். முதலில் பிரவுசரில் அதே முகவரி, அதே பாஸ்வேர்டைப் போட்டு மெயிலைத் திறந்து பாருங்கள். திறந்தால் பாஸ்வேர்டில் கோளாறு இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால், அதுவரை உருவாக்கி வைத்த ஆப் பாஸ்வேர்டுகள் (அவுட்லுக், ஸ்கேனர் போன்றவற்றுக்கென்று கூகுள் கணக்கில் எடுக்கும் தனிப் பாஸ்வேர்டுகள்) அத்தனையும் ரத்தாகிவிடும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இப்படித்தான் நடந்தது. ஒரு கம்ப்யூட்டரில் அவுட்லுக் வரவில்லை என்று பாஸ்வேர்டை மாற்றினார்கள். ஸ்கேனரில் இருந்து மெயில் போவது நின்றது. பில்லிங் சாப்ட்வேரில் இருந்து இன்வாய்ஸும் போகவில்லை. ஷிப்மென்ட் நாள் வேறு. அந்தக் கணக்காளர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

சரி, பாஸ்வேர்டு சரியாக இருந்தும் ஏன் ஏற்கவில்லை? வெறும் பாஸ்வேர்டை மட்டும் வைத்து உள்ளே வரும் பழைய முறையைத் தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்தத் தொடங்கியது. மைக்ரோசாப்ட்டின் அவுட்லுக்.காம், ஹாட்மெயில் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16-இல் அதே முடிவு வந்தது. ஆனால் திரையில் வருவது இன்னமும் "பயனர் பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு" என்ற செய்திதான். அதை நம்பித்தான் எல்லாரும் குழம்புகிறார்கள்.

அவுட்லுக் 2013, 2016 போன்ற பழைய பதிப்பில் ஜிமெயில் வேண்டுமென்றால், கூகுள் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். பிறகு கணக்குப் பக்கத்தின் தேடல் பெட்டியில் ஆப் பாஸ்வேர்டு என்று தேடி ஒன்றை உருவாக்குங்கள். நான்கு நான்காகப் பிரிந்து 16 எழுத்துகள் வரும். அவுட்லுக் கேட்கும் இடத்தில் வழக்கமான பாஸ்வேர்டுக்குப் பதில் இதைப் போடவேண்டும். திரையில் அந்தப் பெட்டியை மூடினால் மறுபடி காட்டாது. அவுட்லுக் போலவே இன்னொரு மெயில் சாப்ட்வேரான தண்டர்பேர்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே வேண்டாம். சர்வர் செட்டிங்கில் அங்கீகார முறையை ஓஆத்2 (OAuth2) என்று மாற்றினால் கூகுளின் லாகின் பக்கம் திறக்கும். திறக்காவிட்டால் தண்டர்பேர்டு செட்டிங்கில் குக்கீ அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கம்பெனியின் சொந்த டொமைன் மெயிலில் (கம்பெனி பெயரிலேயே முடியும் முகவரி) கதை வேறு. பயனர் பெயராக முழு மெயில் முகவரியைக் கொடுக்காமல் 'சேல்ஸ்', 'அக்கவுண்ட்ஸ்' என்று மட்டும் போடுவது நான் நிறையப் பார்க்கும் பிழை. மெயில் வருகிறது, போகவில்லை என்றால் வெளிச்செல்லும் சர்வருக்கும் லாகின் தேவை என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். போர்ட் (சர்வரோடு இணையும் வாயில் எண்), மெயில் உள்வருவதற்கு (ஐமேப்) 993. அனுப்புவதற்கு, குறியாக்க முறை எஸ்எஸ்எல் என்றால் 465, ஸ்டார்ட்டிஎல்எஸ் என்றால் 587.

தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் கம்பெனி மெயிலை வைத்திருக்கும் ஹோஸ்டிங் சர்வர், உங்கள் அலுவலக இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியையே தடுத்துவிடலாம். அப்போது அலுவலகம் முழுக்க மெயில் நிற்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அதில் வேலை செய்தால் ஐபி தடையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஹோஸ்டிங்காரரிடம் சொல்லி எடுத்துவிடலாம்.

பழைய கம்ப்யூட்டர் என்றால் தேதியையும் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்னோக்கிப் போயிருந்தால், சர்வரின் சான்றிதழ் செல்லாது என்று எச்சரிக்கை வரும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. மெயில் திறக்காத பதற்றத்தில் இணையத்தில் 'கஸ்டமர் கேர் நம்பர்' தேடி, கிடைத்த எண்ணுக்குப் போன் போடுகிறார்கள். எதிர்முனையில் இருப்பவர் திரையைப் பகிரும் ஆப்பை இறக்கச் சொல்வார், ஓடிபி கேட்பார். எதையும் கொடுக்காதீர்கள். ஆப் பாஸ்வேர்டும் அப்படித்தான்: அது கையில் கிடைத்தால் ஓடிபி இல்லாமலே உங்கள் மெயில் முழுவதையும் படிக்கலாம். தெரிந்தவருக்கானாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? அந்தக் கம்ப்யூட்டரின் இணையத்தைத் துண்டியுங்கள். வேறு கருவியில் இருந்து பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள், ஆப் பாஸ்வேர்டுகளை நீக்குங்கள், தெரியாத கருவிகளை வெளியேற்றுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குத் தாமதிக்காமல் அழையுங்கள்.